எறிவதற்கு ஈட்டி முனை வாங்குகிறீர்களா? முதலில் குழலைப் பாருங்கள்

இணையக் கடைகளில் ஈட்டி முனைகளைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் எப்போதும் இலைபோல் விரிந்த கூர்ப் பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். பளபளக்கும் விளிம்பு, நடுவில் ஓடும் நரம்பு, அடியில் விரித்த கறுப்புத் துணி. கம்பு நுழைகிற குழல் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். சுவரில் மாட்டி வைக்கப் போகிறவருக்கு அது போதும். எறியப் போகிறவருக்கோ முக்கியமான எல்லாமே அந்த வெட்டுப்பட்ட பாதியில்தான் இருக்கிறது. அதனால் நான் கடைக்காரருக்கு எழுதிக் கேட்பது மூன்றே விஷயம்: குழலின் உள்விட்டம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, முனையின் எடை எத்தனை கிராம். இதற்குப் பதில் வராத கடையில் வாங்குவதில்லை.

நான் இருப்பது ஜெர்மனியின் ரூர் பகுதியில். பழங்கால ஆயுதங்களின் நகல்களைச் செய்து, வாங்கி, எறிந்து பார்ப்பது இங்கே பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. ரோமானியப் படைவீரர்களாக உடுத்துகிற குழுக்கள் இருக்கின்றன, இரும்புக்கால வாழ்க்கையை நடித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வைக்கிங் கூட்டம் தனி. எனக்கு உடையைவிட எறிவதில்தான் ஆசை. அறுவடை முடிந்த வயல், நிலத்துக்காரரின் அனுமதி, பின்னால் ஒரு மண்மேடு, அதற்கு முன்னால் அடுக்கிய வைக்கோல் கட்டுகள், இவ்வளவு இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் நாம் பார்க்கிற ஈட்டி வேறு பிறவி. ஆண்களுக்கானது 800 கிராம், 2.6 முதல் 2.7 மீட்டர் நீளம், தூரம் போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நாங்கள் எறிவது அதைவிடக் குட்டையானது, பெரும்பாலும் இலேசானது. தூரம் இரண்டாம் பட்சம், இலக்கில் பட்டுக் குத்தி நிற்க வேண்டும்.

சரி, குழலுக்கு வருவோம்.

பழைய கொல்லர்கள் குழலைச் செய்த விதம் எளிமையானது, அழகானதும்கூட. இரும்பின் பின்பகுதியை விசிறி மாதிரி தட்டி விரித்து, ஒரு கூம்புக் கம்பியின் மேல் வைத்துச் சுருட்டுவார்கள். இரண்டு ஓரங்களும் சந்திக்கும் இடத்தில் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும், சில சமயம் மெல்லிய இடைவெளியே இருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் அந்த இடைவெளியைப் பார்த்துக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது குறையே இல்லை. ஒரே இரும்புத் துண்டிலிருந்து இலையும் கழுத்தும் குழலும் பிறந்திருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: தகட்டில் இலை வடிவத்தை வெட்டி, ஒரு குழாய்த் துண்டை அதன் அடியில் வெல்டிங் வைத்து ஒட்டி, மேலே கறுப்புச் சாயம் பூசி விற்பவை. கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். அரத்தால் ராவிய தடமோ, சாயத்துக்கு அடியில் ஒரு மேடோ தட்டுப்பட்டால் அங்கே பற்றவைப்பு இருக்கிறது. நேராகக் குத்தும்போது அது தாங்கிவிடும். சாய்வாகப் பட்டு, பின்னால் ஒன்றரை மீட்டர் கம்பு ஆடி அந்தக் கழுத்தைத் திருகும்போதுதான் விட்டுப்போகும். இங்கே விற்பனைக்கு வருவதில் பெரும்பங்கு இந்தியாவில் தயாராகி வருவது. நல்ல உலை வேலையும் அங்கிருந்து வருகிறது, அவசர வெல்டிங் வேலையும் வருகிறது. எந்த நாட்டுச் சரக்கு என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கழுத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குழலின் ஆழம் அதன் வாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. 20 மில்லிமீட்டர் வாய் என்றால் 6 சென்டிமீட்டர் ஆழம், 7 இருந்தால் இன்னும் நல்லது. ஆழம் குறைந்த குழலில் கம்பின் நுனி குட்டையாக உட்காரும், ஒவ்வொரு அடிக்கும் முனை கொஞ்சம் ஆடும், ஆட ஆட மரம் நசுங்கும், கடைசியில் குழலின் வாயோரத்தில் கம்பு முறியும். எறி ஈட்டியில் கம்பு நடுவில் முறிவது அபூர்வம், முறிகிற இடம் பெரும்பாலும் இந்த வாயோரம்தான். அதனால் கம்பின் நுனியைக் கூம்பாகச் சீவும்போது அவசரப்படக் கூடாது. குழலுக்குள் கரித்தூளோ சுண்ணக்கட்டித் தூளோ தடவி, கம்பைச் செருகித் திருகி வெளியே எடுத்தால் எங்கே உராய்கிறது என்று மரத்தில் கறை காட்டிக்கொடுக்கும். கறை பட்ட இடத்தை மட்டும் சீவி மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். கறை கூம்பு முழுவதும் ஒரே சீராகப் படியும்வரை இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அப்புறம் பக்கவாட்டுத் துளை வழியாக ஒரு சிறிய ஆணி. ஆணி முனை கழன்று போகாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான், அடியைத் தாங்க வேண்டியது கூம்பு. துளையே இல்லாத முனை வந்தால் நானே 3 மில்லிமீட்டரில் ஒன்று போட்டுக்கொள்வேன்.

கம்புக்கு ஆஷ் மரம், ஐரோப்பாவில் கருவிக் கைப்பிடிகளுக்குப் பயன்படுத்துகிற உறுதியான மரம். டென்மார்க்கின் இல்லெரூப் சதுப்பு நிலத்தில் கிடைத்த, கி.பி. 200 வாக்கில் போட்டுவிட்டுப் போன ஈட்டிகளின் கம்புகளும் ஆஷ்தான். இங்கே தோட்டக் கருவிகளுக்கு விற்கிற ஆஷ் கைப்பிடிகள் கிடைக்கின்றன, ஆனால் வாங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து ரேகையைப் பார்க்க வேண்டும். ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும், நடுவிலேயே பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில் பிளக்கும். கணு இருக்கிற கம்பைத் தொடவே வேண்டாம்.

இப்போது எடை. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் கனமான முனை நன்றாகக் குத்தும் என்று கை நினைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1.6 மீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஆஷ் கம்பு ஏறக்குறைய 275 கிராம் இருக்கும். அதன் சமநிலைப் புள்ளி நடுவில், அதாவது நுனியிலிருந்து 80 சென்டிமீட்டரில். நுனியில் 100 கிராம் முனையை மாட்டினால் அந்தப் புள்ளி சுமார் 21 சென்டிமீட்டர் முன்னால் நகரும், மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டிய இடம். விளையாட்டு ஈட்டியின் பிடியும் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் இருக்கிறது. கையில் பிடித்தாலே சரியாக இருக்கிறது என்று தெரியும். அதே கம்பில் 250 கிராம் முனையை மாட்டுங்கள், புள்ளி 38 சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். பிடிக்கும் இடம் முனைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, பின்னால் நீண்டு கிடக்கிற கம்பு தோளில் இடிக்கும், விட்டவுடன் மூக்கு கவிழ்ந்து பத்துப் பன்னிரண்டு மீட்டரில் தரையைக் குத்தும். 40, 50 கிராம் முனை என்றால் நேர் எதிர். மிதந்துகொண்டே போய், காற்று கொஞ்சம் இருந்தாலும் படுத்தபடி இறங்கும். என் அனுபவத்தில் இந்த அளவுக் கம்புக்கு 80 முதல் 130 கிராம்வரை உள்ள முனைகள்தான் கையோடு ஒத்துப்போகின்றன. கடையில் ‘எறி ஈட்டி முனை’ என்று போட்டு 300 கிராமில் விற்பது பெரும்பாலும் குத்தீட்டியின் முனை. காலாட்படைக்காரர் கையில் பிடித்துக் குத்துகிற நீண்ட ஈட்டிக்கு அது பொருத்தம், எறிய அல்ல.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அகன்ற இலை வடிவம் அழகாக இருக்கும், வைக்கோல் கட்டின் கயிற்றை அறுத்துவிடும், வயல்காரர் முகம் சுளிப்பார். நான்கு பட்டையாகக் கூராகும் ஊசி முனையும், விரல் அகலத்துக்கு மேல் போகாத ஒடுங்கிய இலையும்தான் எறிய நல்லவை. ஆழமாகப் போகும், இழுத்தால் வந்துவிடும். பின்னோக்கிய முள் வைத்த முனைகள் மட்டும் வேண்டவே வேண்டாம். இல்லெரூப் வீரர்கள் ஆளுக்கு இரண்டு ஈட்டி வைத்திருந்ததாகத் தெரிகிறது, ஒன்று கையில் பிடித்துக் குத்த, மற்றொன்று எறிய. எறிகிற அந்த ஈட்டிகளின் முனையில் நீண்ட முட்கள் இருக்கின்றன, செய்நேர்த்தியைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அவை எதிரியின் கேடயத்திலோ உடலிலோ போய் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் இருக்கச் செய்யப்பட்டவை. நமக்கோ எறிந்ததை எடுத்து மறுபடி எறிய வேண்டும். வைக்கோலிலிருந்து முள் முனையைப் பிடுங்கும்போது ஒன்று கட்டு சிதைகிறது, அல்லது முனை குழலோடு கழன்று உள்ளேயே தங்கிவிடுகிறது.

எஃகு எவ்வளவு கடினம் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. எறிகிற முனை மெத்தென்று இருக்க வேண்டும். தோய்ச்சல் போட்ட, அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய முனை என்று பெருமையாக எழுதி இரண்டு மடங்கு விலை வைக்கிறார்கள். கத்திக்குத் தோய்ச்சல் வேண்டும், விளிம்பு நிற்க வேண்டுமே. எறி ஈட்டிக்கு விளிம்பே தேவையில்லை. வயலில் கல் இருக்கும், குறி தவறும்போது முனை கல்லில் படும். மெத்தென்ற இரும்பு நுனியில் அரை சென்டிமீட்டர் வளையும், பட்டடையில் வைத்து நாலு தட்டுத் தட்டினால் நேராகிவிடும், அரத்தால் கூர் செய்தால் மறுபடி தயார். கடினமான எஃகு வளையாது, நுனி தெறிக்கும். தெறித்த சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. சோதிக்க எளிய வழி உண்டு. குழலின் உட்பக்கத்தில் சாதாரண அரத்தை ஒரு முறை இழுத்துவிட்டு, அப்புறம் நுனியில் இழுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் அரம் ஒரே மாதிரி கடித்தால் முனை மெத்தென்றிருக்கிறது. நுனியில் வழுக்கினால் தோய்ச்சல் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த நிலையில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் எந்த இரும்பும் அந்த இடத்தில் இறுகி விரிசல் விடும். அடிக்கடி வளைகிற முனையை அவ்வப்போது சிவக்கக் காய்ச்சித் தானாக ஆற விட வேண்டும்.

வளைவதைப் பற்றிப் பேசினால் பைலத்துக்கு, ரோமானியக் காலாட்படையின் எறி ஈட்டிக்கு, வராமல் இருக்க முடியாது. இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். நான் இருக்கும் இடத்துக்கு அருகே, பெர்க்காமன் நகரின் ஓபராடன் பகுதியில் ரோமானியத் தளபதி ட்ரூசஸின் படைகள் கி.மு. 11 வாக்கில் கட்டிச் சில ஆண்டுகளிலேயே கைவிட்ட பெரிய முகாம் ஒன்று இருந்தது. லிப்பே ஆற்றுப் பகுதியின் ஈர மண் மரத்தை அழுக விடாமல் வைத்திருந்ததால், பைலத்தின் இரும்பு மரத்தோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்பதை நேராகப் பார்க்கக்கூடிய துண்டுகள் அங்கே கிடைத்தன. நீண்ட மெல்லிய இரும்புத் தண்டு, அதன் நுனியில் சிறிய நான்முகக் கூர், அடியில் அகன்ற தட்டையான வால். மரத்தின் பருத்த தலையைப் பிளந்து, அந்த வாலை உள்ளே செருகி, குறுக்கே ரிவெட் அடித்து, மேலே உலக்கைக்குப் போடுகிற மாதிரி ஒரு பூண் மாட்டியிருக்கிறார்கள், இது சதுரப் பூண். பைலம் நகல் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்த இணைப்பைத்தான். வால் பூணுக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறது, ரிவெட் இரண்டு பக்கமும் தட்டி மடிக்கப்பட்டிருக்கிறதா, மரத்தில் பிளந்த இடத்துக்கும் வாலுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா. இரும்புத் தண்டின் அடியில் திருகு மரை வெட்டி மரத்துக்குள் முறுக்கி விட்டிருந்தால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பொருள்.

சீசர் கி.மு. 58இல் ஹெல்வெட்டியர் என்ற கெல்டிய இனத்தாருடன் நடந்த போரைப் பற்றி எழுதும்போது, ஒரே பைலம் இரண்டு கேடயங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டது, இரும்பு வளைந்ததால் பிடுங்க முடியவில்லை, கடைசியில் அவர்கள் கேடயத்தையே வீசிவிட்டு அந்தக் காப்பில்லாமல் போரிட்டார்கள் என்கிறார். அதற்கு முன்பு ரோமானியத் தளபதி மாரியஸ், பைலத்தின் இரும்பை மரத்தோடு பிணைத்த இரண்டு இரும்பாணிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மர ஆணி போடச் செய்தார், பட்டவுடன் அது முறிந்து கம்பு தொங்கட்டும் என்று, இது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வது. படிக்கும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் இந்தச் சிறப்புகள் எல்லாம் ஒரே ஒரு தடவை எறிவதற்கானவை. கனமான பைலம் ஒரு கிலோவைத் தாண்டும், பதினைந்து இருபது மீட்டருக்குள் எறிவதற்கான பொருள், அந்தத் தூரத்தில் அது பலகையைத் துளைக்கிற வேகத்தைப் பார்த்தால் ரோமானியர் ஏன் அதைக் கைவிடாமல் நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்று புரிந்துவிடும். நாள் முழுக்க எறிய ஏற்றதல்ல. தோள் கெட்டுப்போகும். ஒரு பைலம் வைத்துக்கொள்ளுங்கள், மரப்பலகை இலக்கு வைத்து மாதத்தில் ஒரு நாள் எறியுங்கள், ஆனால் முதல் ஈட்டியாக அதை வாங்காதீர்கள்.

முதலில் வாங்க வேண்டியது ரோமானியப் படையின் முன்னணியில் ஓடிப்போய் எறிந்துவிட்டுத் திரும்பிய இளம் வீரர்களின், வெலிட்டெஸ் என்பார்களே, அவர்களுடைய ஈட்டி மாதிரியான ஒன்று. அதன் கம்பு இரண்டு முழ நீளம், விரல் தடிமன், முனை ஒரு சாண் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறித்து வைத்திருக்கிறார். முதல் அடியிலேயே வளைந்துவிடும் அளவுக்கு மெல்லியதாகத் தட்டியிருப்பார்களாம், எதிரி எடுத்துத் திருப்பி எறிய முடியாதபடி. நமக்கு அவ்வளவு மெல்லியது வேண்டாம், கழுத்து கொஞ்சம் தடித்ததாகப் பார்த்துக்கொண்டால் போதும். இலேசான ஈட்டியில் இன்னொரு பெரிய சுகம் தோல் வார். சமநிலைப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் வாரைச் சுற்றி, நுனியில் ஒரு கண்ணி விட்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் அதில் மாட்டி எறிய வேண்டும். கை நீண்ட மாதிரி ஆகிவிடும், வார் அவிழும்போது ஈட்டி தன் அச்சிலேயே சுழன்றுகொண்டு போகும். கிரேக்கர்களும் ரோமானியர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரான்சில் சோதித்தபோது, வெறுங்கையால் 20 மீட்டர் போன ஈட்டி பழகிய பிறகு வாரோடு 80 மீட்டர் போனதாகப் பதிவு இருக்கிறது. எனக்கு நான்கு மடங்கெல்லாம் வரவில்லை, ஆனால் வித்தியாசம் முதல் எறியிலேயே தெரியும். வாரோடு எறியும்போது முனையின் எடையை இன்னும் குறைக்கலாம், 60, 70 கிராம் போதும், சுழற்சியே அதை நேராக வைத்துக்கொள்ளும். முனை கம்போடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டியது இங்கே இரட்டிப்பு முக்கியம். கம்பை மேசையில் உருட்டிப் பாருங்கள், நுனி வட்டம் போட்டால் கூம்பைச் சரிசெய்யுங்கள்.

வாங்கும்போது ஒன்றாக வாங்காமல் ஒரே மாதிரி மூன்று நான்கு வாங்குங்கள். ஒரே ஈட்டியை எறிந்து, நடந்துபோய் எடுத்து, திரும்பி வந்து எறிந்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. அடுத்தடுத்து எறிந்தால்தான் முந்தையது ஏன் இடப்பக்கம் போனது என்று உடம்பு திருத்திக்கொள்ளும். கி.மு. 211இல் இத்தாலியின் கப்புவா நகர முற்றுகையின்போது வெலிட்டெஸ் ஆளுக்கு ஏழு ஈட்டி, ஒவ்வொன்றும் நாலடி, எடுத்துப் போனார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஏழு வேண்டாம். ஆனால் எல்லாம் ஒரே எடையில் இருப்பது முக்கியம். உலையில் செய்த முனைகள் ஒரே பெயரில் விற்றாலும் 90 கிராமும் 120 கிராமும் கலந்து வரும். சமையலறைத் தராசில் நிறுத்து எடை ஒத்தவற்றை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், நல்ல கொல்லர்கள் சந்தோஷமாகச் செய்துகொடுப்பார்கள்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கம்புக்கு ஆளி விதை எண்ணெய், இரும்புக்கு எந்த எண்ணெயானாலும் சரி. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற அறையில் வைத்தால் மரம் சுருங்கி முனை தளர்ந்துவிடும், கராஜில் வையுங்கள். எறியப் போகும் முன் கம்பைத் தட்டிப் பாருங்கள், முனையில் கிணுகிணுவென்று சத்தம் வந்தால் அது தளர்ந்திருக்கிறது, அன்று அதை எறியாதீர்கள். இங்கே இவற்றைப் பொது இடத்தில் கையில் ஏந்திக்கொண்டு போகக் கூடாது, பூட்டிய பைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைத்துக் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் எறிந்து முடிக்கும்வரை கோட்டைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆபத்து ஒன்று உண்டு: தரையில் சாய்ந்து குத்தி நிற்கிற ஈட்டியின் பின்முனை. அது எறிகிறவர் பக்கமாகவே சாய்ந்திருக்கும், எதிரே நடந்து வருகிறவரின் கண்ணுக்கு அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. விளையாட்டு மைதானங்களிலேயே இதில் காயப்பட்டவர்கள் உண்டு. பின்முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் பளிச்சென்ற சிவப்போ மஞ்சளோ பூசிவிடுங்கள், பழங்காலத் தோற்றம் கெட்டாலும் பரவாயில்லை. எடுக்கப் போகும்போது ஓடாதீர்கள், பக்கவாட்டிலிருந்து போய் ஒரு கையால் பின்முனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குழலுக்குப் பக்கத்தில் வைத்து, குத்திய கோட்டிலேயே நேராக இழுங்கள். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் குழலின் வாயோரத்தில் கம்பு முறியும்.

ரூர் பக்கம் இருக்கிறவர்கள் வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பார்க்க விரும்பினால் கீழே எழுதுங்கள். 80, 100, 130 கிராம் மூன்றும் ஒரே அளவுக் கம்பில் மாட்டி வைத்திருக்கிறேன், மாற்றி மாற்றி எறிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.